டிஃபரன்ஷியல் ரேஷியோ மாற்றிய பிறகு வேனில் வரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல் சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதற்குள் வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அதன் ரேஷியோ. ரேஷியோ மாற்றி வண்டியை வெளியே எடுத்த முதல் நாளே ஏதோ ஒரு சத்தமோ, இழுவைக் குறைவோ, மீட்டர் கோளாறோ கண்ணில் படும். உடனே எல்லோரும் செய்கிற காரியம், அந்தப் பல் சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்கைத் திரும்பத் திறப்பது. தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வருகிற புகார்களில் பாதி, பல் சக்கரத்தில் கோளாறு இருப்பதால் வருவதில்லை, ரேஷியோ மாறினால் இப்படித்தான் இருக்கும் என்ற கணக்கிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதியையும் ஒரு நட்டைக்கூடத் தொடாமல், எப்போது வருகிறது, கால் ஆக்சிலேட்டரில் இருக்கும்போதா எடுத்த பிறகா என்று கவனித்தே பிரித்துவிடலாம்.

நான் இங்கே பேசுவது முன்னால் அல்லது சீட்டுக்கு அடியில் சின்ன எஞ்சின், நடுவில் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் (இனி வெறும் ஷாஃப்ட்), பின்னால் ஒரே துண்டு ஆக்சில் ஹவுசிங் உள்ள சிறிய வேன்களைப் பற்றி. உதாரணத்துக்கு 41 பல் கிரவுன் (சக்கரங்களை ஓட்டும் பெரிய பல் சக்கரம்), 8 பல் பினியன் (ஷாஃப்ட் பக்கத்திலிருந்து கிரவுனைச் சுற்றும் சின்னது) என்றால் ரேஷியோ 5.125. அதை எடுத்துவிட்டு 41-க்கு 9 போட்டால் 4.556. அதாவது முன்பு சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது, இப்போது நாலரைக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் திசையில்தான் மாற்றுகிறார்கள், அதனால் இதையே அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன். எதிர்த்திசையில், சுமைக்காக ரேஷியோவைக் கூட்டியவர்கள் மீட்டர், இழுவை சம்பந்தமான கணக்கை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை

முதலில் உள்ளே இருப்பது நீங்கள் நினைத்த ரேஷியோதானா என்று பாருங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்த செட் என்றால் சொன்னதை நம்ப வேண்டாம். கையில் கிரவுன் பினியன் இருக்கும்போதே பல்லை எண்ணிவிடுவதுதான் சரி, ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தால் குழப்பம் வராது. ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் தரையில் இருக்கப்போகிற பின் சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஷாஃப்ட்டில் ஒரு வெள்ளைக் கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் கிரவுன் 10 சுற்றுத்தான் சுற்றும், மறு சக்கரம் தரையில் நிற்பதால் அப்படி. அந்த நேரத்தில் ஷாஃப்ட் 51 சுற்றும் கால் சுற்றும் போனால் 5.125, நாற்பத்தைந்தரை போனால் 4.556. இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது. இரண்டு செட்டிலும் கிரவுனுக்கு 41 பல்தான் என்பதால், "கிரவுன் நன்றாகத்தானே இருக்கிறது, பினியனை மட்டும் மாற்றினால் போதாதா" என்று தோன்றும். கூடாது. பல்லின் சாய்வும் ஆழமும் வேறு. தவிர, கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள், அந்த எண் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டு விளையாடினாலும் சத்தம் நிற்காது.

ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது, மைலேஜும் ஏறவில்லை

இது கோளாறு இல்லை, கணக்கு. ஸ்பீடோ கேபிளோ சென்சாரோ கியர் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளில், மீட்டருக்குத் தெரிவது ஷாஃப்ட்டின் வேகம் மட்டும்தான். அதற்குப் பின்னால் நீங்கள் ரேஷியோவை மாற்றியது அதற்குத் தெரியாது. 5.125-ஐ 4.556-ஆல் வகுத்தால் 1.125. மீட்டரில் 80 என்றால் உண்மையில் 90-ல் போகிறீர்கள். இது விளையாட்டு இல்லை. ஸ்பீடோமீட்டர் பற்றிய ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாகக் காட்டக் கூடாது என்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் கூடவே கூடாது. நாம் செய்த மாற்றம் நேராக அந்தத் தவறான பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மைலேஜ் புகாரும் இதே கதைதான். 400 கி.மீ. ஓடியதாக மீட்டர் காட்டினால் உண்மையில் ஓடியது 450. 400-ஐ வைத்து லிட்டர் கணக்குப் போட்டுவிட்டு "மாற்றியது வீண்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 1.125-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சரி செய்வது எப்படி? கேபிள் வகை என்றால் கியர் பாக்ஸில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்னப் பல் சக்கரம் இருக்கும், பல வண்டிகளில் பிளாஸ்டிக். அதில் பல் எண்ணிக்கையைக் குறைத்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். 18 பல் இருந்தால் நமக்கு வேண்டியது 16. அதே எஞ்சின் குடும்பத்தில் வேறு டயர் அளவோடு வந்த மாடல்களுக்கு வேறு பல் எண்ணிக்கை இருக்க வாய்ப்பு உண்டு, விசாரியுங்கள். சென்சார் வகை என்றால் சிக்னலைத் திருத்தும் சின்னப் பெட்டி ஒன்றை இடையில் மாட்டலாம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஏபிஎஸ் சென்சார் இருந்து அதிலிருந்தே மீட்டர் ஓடுகிறது என்றால் உங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எதுவானாலும் கடைசியில் போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்து ஒரே சீராக 60-ல் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இழுவை இல்லை, நகர்த்தும்போது கிளட்ச் வாசனை வருகிறது

145/80 ஆர்12 டயரை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி விட்டம் சுமார் 537 மி.மீ., சுற்றளவு 1.69 மீட்டர். 60 கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்குச் சரியாக 1000 மீட்டர், ஆக சக்கரம் நிமிடத்துக்கு 593 சுற்று. டாப் கியர் நேர் கியராக (எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுவது) இருந்தால் 5.125-ல் எஞ்சின் சுமார் 3040 ஆர்பிஎம், 4.556-ல் 2700. ஓடும்போது டயர் சற்று அமுங்குவதால் உண்மை எண்கள் கொஞ்சம் கூடும், ஆனால் விகிதம் மாறாது. 11 சதவீதம் குறைகிறது. ஆர்பிஎம் 11 சதவீதம் குறைந்தால் சக்கரத்துக்குப் போகிற முறுக்கு விசையும் ஒவ்வொரு கியரிலும் 11 சதவீதம் குறையும். ஒன்றை வாங்காமல் மற்றதை வாங்க முடியாது.

முதல் கியர் 3.6 என்று வைத்தால், முன்பு மொத்தம் 18.45 மடங்கு இருந்தது இப்போது 16.4. சுமையோடு மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது அந்த வித்தியாசத்தை கிளட்ச் தட்டு தேய்ந்து ஈடுகட்டும், அந்த வாசனைதான் உங்களுக்கு வருகிறது. இதற்கு டிஃபரன்ஷியலில் செய்ய எதுவும் இல்லை. டாப் கியரை முன்பு போட்ட வேகத்தைவிட 5, 6 கி.மீ. தள்ளிப் போடுங்கள், எஞ்சின் முனகினாலோ தட்டினாலோ மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். மாற்றும் முன்பே பெரிய டயர் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்: விட்டம் 5 சதவீதம் பெரிய டயர், ரேஷியோவை 5 சதவீதம் குறைத்ததற்குச் சமம். டயரும் பெரிது, ரேஷியோவும் குறைவு என்றால் ஒரு லிட்டருக்குக் கீழே உள்ள எஞ்சின் தாங்காது. என் கருத்து, தினமும் முழுச் சுமை, மேட்டுப் பாதை என்று ஓடுகிற வண்டிக்கு இந்த மாற்றமே வேண்டாம். மூன்றாவது கியரிலேயே பாதி வழி போகப் போகிறீர்கள், அப்போது எரிபொருளும் மிச்சமாகாது.

ஊளைச் சத்தம்

இதுதான் எல்லோரையும் தூங்கவிடாத விஷயம், இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வதும் அதிகம். கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவை அணைத்து, பின்னால் தளர்ந்து கிடக்கும் சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு, நல்ல சமமான சாலையில் சத்தம் வருகிற வேகத்தில் நான்கு விதமாக ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது. காலை முழுக்க எடுத்து, கியரிலேயே வேகம் குறையும்போது. ஏறாமல் இறங்காமல் மெல்லிசாகப் பிடித்து ஓட்டும்போது. கடைசியாக, சாலை காலியாக இருந்தால் மட்டும், நியூட்ரலில் சில விநாடிகள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்டது என்று எழுதி வையுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

நியூட்ரலிலும் அதே சத்தம் மாறாமல் வந்தால் கிரவுன் பினியன்மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். டயர், சக்கர பேரிங் இரண்டையும் முதலில் பாருங்கள். ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி மாட்டியபோது பேரிங்கில் அடி விழுந்திருக்கலாம். சாலையின் மேற்பரப்பு மாறினால் சத்தமும் மாறுகிறது என்றால் அது டயர்தான்.

ஊளையாக இல்லாமல், கால் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி "கரகர" என்று உருளும் சத்தம் வேகத்தோடு கூடினால், கிரவுனைத் தாங்கும் இரண்டு பக்க பேரிங்குகள். பழைய பேரிங்கையே திரும்பப் போட்டிருந்தால் இதை எதிர்பார்க்கலாம்.

அழுத்தும்போது மட்டும் ஊளை, விட்டால் அமைதி என்றால் பல்லின் முன்னோட்டப் பக்கத்தில் தொடுமிடம் சரியில்லை. விடும்போது மட்டும் ஊளை என்றால் இரண்டு வாய்ப்பு: மறுபக்கத்தில் தொடுமிடம் தவறு, அல்லது பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. இரண்டாவதை முதலில் பாருங்கள், ஏனென்றால் அதைத் திறக்காமலே சோதிக்க முடியும்.

எனக்கு நடந்தது அதுதான். மாற்றிய முதல் இருநூறு கி.மீ. வண்டி பூனை மாதிரி ஓடியது. அப்புறம் 50-க்கும் 60-க்கும் நடுவில் காலை எடுத்தால் மட்டும், பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ஒரு கூவல், அழுத்தினால் உடனே நின்றுவிடும். வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு மாட்டும் தட்டு) இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் உள்ளங்கைக்குத் தெரிந்தது, ஒரு சின்ன "டிக்". அங்கே எந்த அசைவும் இருக்கவே கூடாது. காரணம், மாட்டும்போது பழைய கிரஷ் ஸ்லீவையே போட்டிருந்தார்கள். இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் குழாய் அது. நட்டை இறுக்க இறுக்க நசுங்கி, பேரிங்கைச் சரியான அழுத்தத்தில் பிடித்து வைப்பது அதன் வேலை. ஒரு முறை நசுங்கியது எதிர்த்து நிற்காது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பினியன் ஒரு பக்கம் தள்ளப்படும், விட்டால் எதிர்ப்பக்கம் இழுக்கப்படும், தளர்வு இருந்தால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பல் தவறான இடத்தில் தொட்டுக் கத்தும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தச் சத்தம் வந்தால் கீழே படுத்து அந்த நட்டை "இன்னும் கொஞ்சம்" இறுக்காதீர்கள். ஸ்லீவ் கூடுதலாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்தித் திரும்ப வர வழி இல்லை, தளர்த்தினால் அழுத்தமே போய்விடும். புது ஸ்லீவ், புது நட்டு, புது சீல், அவ்வளவுதான் மருந்து. இறுக்கும்போது சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஃபிளாஞ்சைக் கையால் பல முறை சுற்றிவிட்டு, சுழற்றத் தேவைப்படும் விசையை அளக்க வேண்டும். அதற்கென்று அளவுகோல் இல்லாவிட்டாலும் ஃபிளாஞ்சைச் சுற்றி நூல் கட்டி, ஒரு ஸ்பிரிங் தராசு மாட்டி இழுக்கலாம். கையேட்டில் 1 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்து, நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 4 செ.மீ. என்றால், ஒரே சீராகச் சுற்றும்போது தராசு இரண்டரை கிலோ காட்ட வேண்டும். நகர ஆரம்பிக்கும்போது காட்டுவதை எடுக்காதீர்கள், சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுவதை எடுங்கள். கிரவுனை உள்ளே வைக்கும் முன், பினியன் மட்டும் இருக்கும்போது அளக்க வேண்டிய எண் இது. உங்கள் ஆக்சிலுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் கையேட்டில்தான் இருக்கும், புது பேரிங்குக்கு ஓர் எண், பழையதற்குக் குறைவான வேறோர் எண்.

பினியன் இறுக்கமாக இருந்தும் ஊளை வந்தால் திறக்க வேண்டியதுதான். பல்லில் மார்க்கிங் பேஸ்ட்டை ஏழெட்டுப் பற்களுக்கு மெல்லிசாகத் தடவி, ஃபிளாஞ்சைத் துணியால் இறுக்கிப் பிடித்துச் சுமை கொடுத்து, கிரவுனை இரண்டு திசையிலும் சுற்றினால் தொடுமிடம் அச்சாக விழும். பல்லின் உயரத்தில் நடுவாக அது விழ வேண்டும். அடிவேரில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்திருக்கிறது, விளிம்பில் விழுந்தால் அதிகம் வெளியே நிற்கிறது, ஷிம்மை அதற்கேற்ப மாற்றுங்கள். பல்லின் நீளத்தில் உள்முனைக்கோ வெளிமுனைக்கோ ஒதுங்கியிருந்தால் பிளே (கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளி) சம்பந்தப்பட்டது: கிரவுனைப் பினியனுக்குப் பக்கத்தில் தள்ளினால் பிளே குறையும், அச்சு உள்முனைப் பக்கம் போகும். முதலில் ஆழம், அப்புறம் பிளே, இந்த வரிசையைக் குழப்பினால் நாள் முழுக்க சுற்றிச் சுற்றி வருவீர்கள். பிளேயை டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். இடத்துக்கு இடம் எண் மாறினால் கிரவுன் உட்காரும் முகத்தில் ஒரு மணல் துகளோ பிசிறோ இருக்கிறது என்று பொருள். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

கியர் மாற்றும்போதும் காலை எடுத்து வைக்கும்போதும் "டக்"

பிளே அதிகம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நிற்கும் வண்டியின் ஷாஃப்ட்டைக் கையால் இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான யூ ஜாயிண்டின் கிராஸ் தேய்ந்திருக்கும், அல்லது ஃபிளாஞ்ச் போல்ட் முழுக்க இறுகியிருக்காது. சீரான இடைவெளியில், சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப "டக் டக்" என்று வந்தால் அது வேறு விஷயம், பல் உடைந்திருக்கலாம், ஓட்டாதீர்கள். திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல் சக்கரங்கள், அவற்றின் வாஷர்கள். நேராகப் போகும்போது அவை தங்களுக்குள் சுற்றுவதே இல்லை, அதனால்தான் திருப்பத்தில் மட்டும்.

அதிர்வு

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் அடையாளம் வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகும். 40-ல் டாப் கியர் போட்டு வருகிற உதறல் அதிர்வு இல்லை, எஞ்சின் திணறுவது. கியரை இறக்குங்கள்.

சூடும் ஒழுக்கும்

புது செட் முதல் ஓட்டத்தில் சூடாகத்தான் செய்யும். 25 கி.மீ. நிதானமாக ஓட்டி, நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி எடுங்கள், முதல் 800 கி.மீ. வரை முழுச் சுமை வேண்டாம். தொடவே முடியாத அளவுக்கு ஹவுசிங்கின் முன்மூக்கு மட்டும் கொதித்தால் பினியன் பேரிங் அதிக இறுக்கம்.

பினியன் சீலில் ஒழுகினால் புது சீலைக் குறை சொல்லும் முன் ஃபிளாஞ்சின் கழுத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது. சக்கரப் பக்கம் ஒழுகினால் ஹவுசிங் மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் ஆக்சில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் போகும். பின் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே டிரம்மைக் கழற்றுங்கள். ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்துப் போடுவதெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆயிலும் நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரைதான், அதற்கு மேல் ஊற்றுவது நன்மை இல்லை. இந்த வகைப் பல்லுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும், தடிமன் கையேட்டில் உள்ளபடி.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வேன் என்றால்

முன் டிஃபரன்ஷியலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றும்வரை நான்கு சக்கரத்தில் போடவே போடாதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று, நல்ல சாலையில் வண்டி கட்டிப் பிடித்தது போல இழுக்கும், டயர் வழுக்காவிட்டால் ஏதோ ஒன்று உடையும்.

800 கி.மீ. முடிந்ததும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருப்பதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி வழவழவென்று இருந்தால் பல் பழகியிருக்கிறது, துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். விரலில் உறுத்துகிற துணுக்கோ, வெளிச்சத்தில் மின்னும் தகடோ கிடைத்தால் புது ஆயிலை ஊற்றாமல் பின் மூடியைக் கழற்றி, அல்லது அந்த மூடி இல்லாத ஆக்சில் என்றால் கேரியரையே (கிரவுனும் பினியனும் பொருத்திய பகுதி) இறக்கி, கிரவுனை ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பாருங்கள்.